நெப்போலியன் காலத் தளபதிகளுக்கு வண்ணம் தீட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விரல் உயரச் சிப்பாய்களை மேசைமேல் அணிவகுத்து, பகடை உருட்டி, அளவு நாடாவால் தூரம் பார்த்து, 200 ஆண்டுகளுக்கு முந்தைய போர்களை மறுபடி ஆடிப் பார்ப்பவர்களுக்கான பக்கம் இது. காலாட்படையைத் தீட்டிக் கைபழகியவர்கள்கூடத் தளபதி பொம்மையை எடுத்ததும் தடுமாறுகிறார்கள். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன்.

சிப்பாயைத் தீட்டுவதற்கும் தளபதியைத் தீட்டுவதற்கும் அப்படி என்ன வித்தியாசம்?

சிப்பாய்களைக் கூட்டமாகத்தான் பார்ப்போம். 24 பேர் நிற்கும் பட்டாலியனில் ஒருவருடைய பொத்தான் விட்டுப்போனால் யாருக்கும் தெரியாது. தளபதி தனியாக நிற்கிறார். கட்டளை எட்டும் தூரத்தை அளக்க ஒவ்வொரு முறையும் அவரிடமிருந்துதான் நாடாவை இழுக்கிறோம். கை அதிகம் படுவதும் அவர்மேல்தான், எதிராளியின் கண் முதலில் தேடுவதும் அவரைத்தான்.

இதனாலேயே, இருக்கிற தங்கப் பெயின்டையெல்லாம் அவர்மேல் கொட்டத் தோன்றும். நானும் கொட்டினேன். என் முதல் நெப்போலியனுக்குத் தொப்பி ஓரத்தில் தங்கப் பட்டை, கோட் ஓரத்தில் தங்கப் பட்டை, பூட்ஸில்கூடத் தங்கக் குஞ்சம். ஆட்டம் பாதி போன பிறகு எதிரே இருந்த நண்பர், "சரி, உங்கள் நெப்போலியன் எங்கே?" என்று கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது. நிஜ நெப்போலியனைச் சுற்றி நின்ற எல்லோரும் மின்னினார்கள், அவர் மின்னவில்லை. கூட்டத்தில் அவரைக் காட்டிக்கொடுத்ததே அந்த எளிமைதான்.

மூன்றடி தள்ளி நின்றாலும் ஆள் யாரென்று சொல்லிவிடும் ஒரு அடையாளம் ஒவ்வொரு தளபதியிடமும் உண்டு. தொப்பி திரும்பியிருக்கும் விதம், குதிரையின் நிறம், மீசை, மூக்குக் கண்ணாடி என்று ஏதாவது ஒன்று. அதைக் கண்டுபிடித்து உங்கள் உழைப்பில் பாதியை அங்கே போடுங்கள். மிச்சத்தைச் சிப்பாய்க்குத் தீட்டுவது போலத் தீட்டினால் போதும். இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

எந்த அளவு பொம்மை வாங்கலாம்?

28 மி.மீ. வாங்குங்கள். பாதத்திலிருந்து கண் வரை ஏறக்குறைய அந்த உயரம். பெர்ரி மினியேச்சர்ஸ், விக்ட்ரிக்ஸ், வார்லார்ட் கேம்ஸ் போன்ற பிரிட்டிஷ் நிறுவனங்கள் இந்த அளவில்தான் அதிகம் வெளியிடுகின்றன. 15 மி.மீ. அளவில் பெரிய போர்களை ஆடலாம், ஆனால் முகபாவம் கிடைக்காது. 6 மி.மீ. என்றால் நெப்போலியன் ஒரு வெள்ளைக் குதிரைமேல் ஒரு சாம்பல் புள்ளி, அவ்வளவுதான். 1/72 (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் பெட்டிகள் மலிவு. ஆனால் அந்தப் பிளாஸ்டிக் வளையும், வளையும் இடத்தில் பெயின்ட் உரியும்.

நெப்போலியனுக்குப் பச்சைக் கோட்டா, நீலக் கோட்டா, சாம்பல் கோட்டா?

மூன்றும் சரி. எந்த நாள் என்பதைப் பொறுத்தது.

போர்க்களத்தில் பெரும்பாலும் அணிந்தது, தன் மெய்க்காவல் குதிரைப்படையான ஷாசர் படைப்பிரிவின் கர்னல் உடை. கரும்பச்சைக் கோட், காலரும் கைமடிப்பும் சிவப்பு, மார்பு மடிப்பு பச்சை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் விசேஷ நாட்களிலும் மெய்க்காவல் கிரெனேடியர் படைப்பிரிவின் உடை. அது கருநீலக் கோட், மார்பு மடிப்பு வெள்ளை. இரண்டுக்கும் உள்ளே வெள்ளை வெயிஸ்ட்கோட், வெள்ளைக் காற்சட்டை, முழங்கால் தொடும் கறுப்பு பூட்ஸ். குளிரோ மழையோ இருந்தால் மேலே அந்தப் புகழ்பெற்ற சாம்பல் நிற ஓவர்கோட்.

பேரரசர் கர்னல் உடையில் திரிந்தார் என்பதைக் கவனியுங்கள். அவருக்குக் கீழே இருந்த சாதாரணப் பிரிகேட் (சில பட்டாலியன்கள் சேர்ந்த படை) ஜெனரலின் கோட்டில் இதைவிடத் தங்கம் அதிகம்.

கரும்பச்சை மேசைமேல் கறுப்பாகத் தெரியும். சிறிய பொருள்மேல் எந்த நிறமும் நிஜத்தைவிட ஒரு படி இருண்டே தெரியும் என்பதால், உண்மைத் துணியின் நிறத்தைவிட ஒரு படி வெளுத்துத் தீட்டுங்கள். சாம்பல் கோட்டுக்கு நீலம் கலந்த சாம்பலைவிடக் கொஞ்சம் பழுப்பு கலந்த சாம்பல் பொருந்தும். அது கம்பளித் துணி, இரும்பு போலத் தெரியக்கூடாது. கோட்டின் மடிப்புகளில் மூன்று நிலைச் சாம்பல் வையுங்கள். இந்தப் பொம்மையில் நேரம் போக வேண்டிய இரண்டு இடங்களில் இது ஒன்று.

இன்னொன்று?

தொப்பி. அந்தக் காலத்தில் இருமுனைத் தொப்பியைப் பல அதிகாரிகள் முனை முன்னும் பின்னுமாக வரும்படி வைத்தார்கள். நெப்போலியன் முனைகள் இரண்டு தோள்பக்கமும் வரும்படி குறுக்கே வைத்தார். இறகு கிடையாது, தங்கப் பட்டை கிடையாது. கறுப்பு ஃபெல்ட், பிரான்ஸின் அடையாளமாக ஒரு சிறிய மூவண்ணத் துணி வட்டம், முடிந்தது. அப்படிப்பட்ட ஒரு தொப்பி 2023 நவம்பரில் பிரான்ஸில் 19 லட்சம் யூரோவுக்கு மேல் ஏலம் போனது. ஒரு தங்க நூல்கூட இல்லாத தொப்பிக்கு அந்த விலை!

தலை தனியாக வரும் பொம்மை என்றால் ஒட்டுவதற்கு முன் தொப்பியின் கோணத்தை இரண்டு முறை சரிபாருங்கள். கறுப்பைத் தீட்ட, முழுக் கறுப்பு அடித்துவிட்டு விளிம்புகளில் மட்டும் கரும்சாம்பல் கோடு இழுங்கள். வெளிர் சாம்பல் வரை போனால் தொப்பி பழையதாகி நரைத்துப்போன மாதிரி ஆகிவிடும்.

வெலிங்டன் ஆங்கிலேயர்தானே? ஏன் சிவப்புக் கோட் இல்லை?

அயர்லாந்தில் பிறந்தவர் என்பது வேறு விஷயம். நெப்போலியனை அவர் தோற்கடித்த வாட்டர்லூ போரில், 1815 ஜூன் 18 அன்று, அவர் அணிந்தது எந்தச் சரிகையும் இல்லாத கருநீலக் கோட். மேலே நீல மேலங்கி, கழுத்தில் வெள்ளைத் துணி, வெள்ளைக் காற்சட்டை. நெப்போலியனும் இவரும் பிறந்தது ஒரே ஆண்டு, 1769. உடையில் ஆடம்பரம் வேண்டாம் என்ற விஷயத்திலும் இருவரும் ஒன்றுதான்.

வேறுபடுத்துவது மறுபடியும் தொப்பிதான். வெலிங்டனின் தொப்பி முனை முன்பின்னாக இருக்கும். அதில் பிரிட்டனின் கறுப்பு வட்டத்தோடு ஸ்பெயின், போர்ச்சுகல், நெதர்லாந்து நாடுகளின் சிறிய வட்டங்கள் மூன்று உண்டு. 28 மி.மீ. அளவில் அவற்றை மூன்று சின்னப் புள்ளிகளாக வைத்தால் போதும். தெரிந்தவர் குனிந்து பார்த்துச் சிரிப்பார். அப்புறம் மூக்கு. சிப்பாய்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயரே மூக்கை வைத்துத்தான். மூக்குத் தண்டின்மேல் ஒரு மெல்லிய வெளிர்க்கோடு போடுங்கள், மூன்றடியிலிருந்து ஆள் தெரிவார்.

சிவப்புக் கோட் தீட்ட ஆசைப்படுபவர்களுக்கு ஒரு குறிப்பு. பிரிட்டிஷ் சிப்பாயின் கோட் மஞ்சிட்டி இன வேர்ச்சாயத்தில் தோய்த்தது, செங்கல் பக்கம் போகும் மங்கிய சிவப்பு. அதிகாரிகளுடையது கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த சாயம், பளிச்சென்ற கருஞ்சிவப்பு. ஒரே பாட்டிலிலிருந்து இரண்டையும் தீட்டாதீர்கள்.

முதல் முறை தீட்டுகிறேன். யாரிடமிருந்து தொடங்கலாம்?

பிக்டன். வாட்டர்லூவில் ஒரு பிரிட்டிஷ் டிவிஷனை (பல பிரிகேட்கள் சேர்ந்த படையை) நடத்தியவர். உடைப்பெட்டி வந்து சேராததால் சாதாரண ஊர்க்கோட்டும் உயரத் தொப்பியும் அணிந்தே போருக்குப் போனார், அங்கேயே தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். தங்கமும் இல்லை, பட்டையும் இல்லை, தோள் குஞ்சமும் இல்லை. ஒரு மாலையில் முடித்துவிடலாம். மேசையில் எல்லோரும் "இவர் யார், தொப்பி போட்ட துரை?" என்று கேட்கவும் செய்வார்கள்.

அடுத்தது வெலிங்டனின் கூட்டாளியான புருஷியப் படைத்தலைவர் ப்ளூஹர். கருநீலக் கோட், தட்டையான போர்க்களத் தொப்பி, பெரிய வெள்ளை மீசை. ஜூன் 16 அன்று நெப்போலியனிடம் தோற்ற லிக்னி போரில் குதிரை அவர்மேலேயே விழுந்து, அதன் அடியில் சிக்கிக் கிடந்தார். வயது 72. இரண்டு நாள் கழித்து வாட்டர்லூவுக்கு வந்து சேர்ந்தார். ஆகவே கோட்டில் சேறு தீட்டினால் அது அழுக்கில்லை, வரலாறு.

மார்ஷல்களின் தங்க வேலைப்பாட்டை எப்படித் தீட்டுவது? கை நடுங்குகிறது.

எல்லோருக்கும் நடுங்கும். முதலில் அது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். பிரெஞ்சு ஜெனரல்களின் கருநீலக் கோட்டில் இருப்பது ஓக் இலை வடிவத் தங்க எம்பிராய்டரி. பிரிகேட் ஜெனரல், அவருக்கு மேல் டிவிஷன் ஜெனரல், எல்லோருக்கும் மேல் மார்ஷல் என்று பதவி ஏற ஏற இலை அதிகமாகும். பிரிகேட் ஜெனரலுக்குக் காலரிலும் கைமடிப்பிலும் ஒரு வரிசை, டிவிஷன் ஜெனரலுக்கு இரண்டு வரிசை, மார்ஷலுக்கு முழு உடை என்றால் தையல் ஓரமெல்லாம் இலை.

அதைத் தங்கப் பட்டையாக இழுத்தால் பித்தளைத் தகடு ஒட்டினது போல இருக்கும். இலையாகத் தெரிய வேண்டும் என்றால் நடுவே துணி எட்டிப்பார்க்க வேண்டும். நான் செய்வது இப்படி. எம்பிராய்டரி வரும் இடத்தில் முதலில் தோல் நிறப் பழுப்பால் மெல்லிய கோடு. அது காய்ந்ததும், அதன்மேல் தங்கத்தைக் கோடாக இழுக்காமல் அரிசி முனை அளவுக்குச் சாய்ந்த குட்டித் தீற்றல்களாக இருபக்கமும் வைத்துக்கொண்டே போவது. மல்லிகைச் சரம் தொடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். பிறகு தண்ணீராகக் கரைத்த பழுப்பு வாஷ். கடைசியாகத் தங்கத்தில் துளி வெள்ளி கலந்து, வெளிச்சம் விழும் தோளிலும் மார்பிலும் மட்டும் நாலைந்து புள்ளிகள். அதற்கு மேல் வைக்கத் தோன்றும். அப்போது பிரஷைக் கழுவி வைத்துவிட்டு எழுந்து போங்கள்.

தங்கப் பெயின்டுக்குத் தனித் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். அதன் மினுக்குத் துகள் பொதுத் தண்ணீரில் கலந்தால், அடுத்துத் தீட்டும் முகமெல்லாம் ஜிகினா அடித்தது போல ஆகிவிடும். அப்படி ஒரு ப்ளூஹர் என்னிடம் இருக்கிறார்.

15 மி.மீ. பொம்மையில் தங்கப் பெயின்டே வேண்டாம். கடுகு மஞ்சளும் அதன்மேல் வெளிர் மஞ்சளும் தங்கத்தைவிடத் தங்கமாகத் தெரியும்.

மார்ஷல் யார், ஜெனரல் யார் என்று மேசையில் எப்படிக் காட்டுவது?

இலை வரிசைகளை யாரும் எண்ணப்போவதில்லை. தோள் நட்சத்திரங்களும் தெரியாது. தெரிவது இடுப்புக் கச்சை. மார்ஷலுக்கு வெள்ளையும் தங்கமும், டிவிஷன் ஜெனரலுக்குச் சிவப்பும் தங்கமும், பிரிகேட் ஜெனரலுக்கு வானநீலமும் தங்கமும். ஆட்டத்துக்கு இது பெரிய வசதி. கச்சையின் நிறத்தை வைத்தே எந்தப் பொம்மை எந்தப் படைக்குக் கட்டளையிடலாம் என்று சொல்லிவிடலாம்.

அவர்களுடைய குதிரைகளின் சேணத் துணி கருஞ்சிவப்பு, ஓரத்தில் தங்கப் பட்டை.

எந்தெந்த மார்ஷலை வாட்டர்லூ மேசையில் வைக்கலாம்?

இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. 1804 மே மாதம் தொடங்கி 1815 வரை மொத்தம் 26 பேர் மார்ஷல் ஆனார்கள். பொம்மைப் பெட்டியில் இருக்கிறார்களே என்று எல்லோரையும் எல்லாப் போரிலும் நிறுத்த முடியாது.

வாட்டர்லூவில் நெப்போலியனோடு இருந்தவர்கள் நேயும் சூல்ட்டும். குரூஷி அன்று வாவர் பக்கம் புருஷியர்களைத் துரத்திக்கொண்டிருந்தார். தாவூ பாரிஸில் போர் அமைச்சர். மூராவைச் சேர்த்துக்கொள்ள நெப்போலியன் மறுத்துவிட்டார். மோர்த்தியே நோயால் வழியிலேயே தங்கிவிட்டார். ஆண்டுக்கணக்காக நெப்போலியனின் கட்டளைகளைப் படைகளுக்கு அனுப்பும் தலைமையகத் தலைவராக இருந்த பெர்த்தியே, 1815 ஜூன் 1 அன்று பாம்பெர்க் நகரில் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்துபோனார். வாட்டர்லூவில் அந்த வேலையைப் பார்த்தவர் சூல்ட். நெப்போலியனின் பின்னால் வழக்கமாக நிறுத்தப்படும் மம்லூக் (எகிப்தியக் குதிரைவீரர்) மெய்க்காவலர் ருஸ்தாமும் 1814-லேயே விலகிவிட்டார். அவருக்குப் பதில் வந்த "அலி" வெர்சாயில் பிறந்த பிரெஞ்சுக்காரர், மம்லூக் உடை போட்டுக்கொண்டவர். இதனால் ருஸ்தாம் பொம்மையை வாட்டர்லூவில் அலி என்று சொல்லி வைத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் சமாளிக்கிறேன்.

நேய், தாவூ இருவரையும் எப்படிப் பிரித்துக் காட்டுவது? இருவருக்கும் ஒரே உடைதானே?

நேய் செம்பட்டைத் தலை, சிவந்த முகம். படையினர் அவரைக் குறிப்பிட்டதே அந்தச் சிவப்பை வைத்து. வாட்டர்லூவில் அவருக்குக் கீழே நான்கு குதிரைகளாவது சுடப்பட்டு விழுந்தன. மாலையில் தொப்பி இல்லாமல், கிழிந்த கோட்டோடு நடந்து திரிந்தார். தொப்பியில்லாத நேய் பொம்மை கிடைத்தால் விடாதீர்கள், தலைமுடியே அடையாளமாகிவிடும். முடிக்கு ஆரஞ்சு வேண்டாம். செம்பழுப்பு அடித்து, மேலே மட்டும் கொஞ்சம் ஆரஞ்சு தொடுங்கள்.

தாவூவுக்கு வழுக்கை, கிட்டப்பார்வை, மூக்குக் கண்ணாடி. 1806-ல் அவுவர்ஷ்டெட்டில் தன்னைவிடப் பெரிய புருஷியப் படையைத் தோற்கடித்தவர். பொம்மையில் கண்ணாடி வார்க்கப்படாமல் இருந்தால் மெல்லிய செப்புக் கம்பியின் இழையை ஊசிமுனையில் சுற்றிச் செய்யலாம். பொறுமை இல்லையென்றால் கண்ணைச் சுற்றி இரண்டு சாம்பல் வளையம் வரைந்தாலும் சரி.

மூராவுக்கு என்ன நிறம்?

உங்களுக்குப் பிடித்த நிறம். கிண்டல் இல்லை. தன் உடையைத் தானே வடிவமைத்துக்கொண்டவர். நேப்பிள்ஸின் அரசராக ஆன பிறகு அதைக் கேட்கவே வேண்டாம். போலந்து பாணிக் கோட், சரிகை, இறகு, குதிரைமேல் சிறுத்தைத் தோல். 1807 பிப்ரவரியில் ஐலாவ் போரில், பனியில் 10,000-க்கும் மேற்பட்ட குதிரை வீரர்களோடு பாய்ந்தபோது கையில் வாள்கூட இல்லை, குதிரைச் சவுக்குதான். இதுவரை நான் சொன்ன கட்டுப்பாடெல்லாம் இவருக்குப் பொருந்தாது. இவரிடம் அடையாளமே அளவு மீறுவதுதான்.

சிறுத்தைத் தோலுக்கு: காவி மஞ்சள், ஓரங்களில் வெளிர் கிரீம், அதன்மேல் உடைந்த வளையங்களாகக் கரும்பழுப்பு. முழுப் புள்ளி வைத்தால் சிவிங்கி ஆகிவிடும்.

ரஷ்யர், ஆஸ்திரியர்?

சுருக்கமாக. ரஷ்ய ஜெனரலுக்குக் கரும்பச்சைக் கோட், சிவப்புக் காலர், தங்க இலைகள். குதுசோவ் பருத்த உடம்பு, வெள்ளைப் போர்க்களத் தொப்பி. அவருக்குத் தலையில் இரண்டு முறை குண்டு பாய்ந்து வலக்கண் பழுதானது உண்மைதான், ஆனால் கண்ணில் கறுப்புக் கட்டுப் போடாதீர்கள். அது பிற்காலத்துக் கற்பனை. ஆஸ்திரிய ஜெனரல்களுக்கு வெள்ளைக் கோட், சிவப்புக் காற்சட்டை, தொப்பியில் பச்சை இறகு. 1809 மே மாதம் ஆஸ்பெர்னில் நெப்போலியனைத் தடுத்து நிறுத்திய ஆர்ச்ட்யூக் சார்ல்ஸை அப்படித் தீட்டினால் மேசையில் அவரைவிட அழகானவர் இல்லை.

வெள்ளைத் துணி சுண்ணாம்பு அடித்தது போல வருகிறதே?

வெள்ளையில் தொடங்குவதால்தான். வெளிர்சாம்பலில் தொடங்குங்கள். ஆஸ்திரியக் கம்பளிக்கு லேசாக மஞ்சள் கலந்த சாம்பல், நெப்போலியனின் காற்சட்டைக்கு லேசாகக் கிரீம் கலந்தது. சுத்த வெள்ளை முழங்காலிலும் மடிப்பின் மேட்டிலும் மட்டும். ஒவ்வொரு பூச்சும் பால் போல இல்லாமல் மோர் போல இருக்க வேண்டும்.

வெள்ளை பற்றிப் பேசும்போது நினைவுக்கு வருகிறது. 1806-ல் பிரெஞ்சுக் காலாட்படையின் சில படையணிகளுக்கு வெள்ளைச் சீருடையே கொடுத்தார்கள். கடல் முற்றுகையால் அவுரி நீலம் வரத்துக் குறைந்ததுதான் காரணம். ஐலாவில் அந்த வெள்ளைமேல் படிந்த இரத்தத்தைப் பார்த்த பிறகு திட்டத்தைக் கைவிட்டார்கள் என்று சொல்வார்கள். 1807 படை சேர்ப்பவர்கள் ஒரு வெள்ளைப் பட்டாலியனை நிறுத்தலாம். பக்கத்தில் நிற்கும் கருநீல ஜெனரல் அப்போது இன்னும் எடுப்பாகத் தெரிவார்.

குதிரை? பாதிப் பொம்மை குதிரைதானே.

ஆமாம், அதைத்தான் கடைசியில் அவசரமாகத் தீட்டுகிறோம்.

வெலிங்டனின் குதிரை கோப்பன்ஹேகன் செம்பழுப்பு நிறம். வாட்டர்லூ நாள் முழுக்க அவரைச் சுமந்தது. இரவில் இறங்கித் தட்டிக்கொடுத்தவரை உதைக்கப் பார்த்தது. அந்த நிறத்துக்கு எண்ணெய்ப் பெயின்ட் முறையைவிட எளியது இல்லை. முதலில் குதிரை முழுக்க வெளிர் ஆரஞ்சுப் பழுப்பு அக்ரிலிக். நன்றாகக் காய்ந்ததும், ட்யூபில் வரும் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு எண்ணெய் வண்ணத்தை மேலெல்லாம் பூசுங்கள். 15 நிமிடம் விட்டு, பழைய பனியன் துணியாலோ ஸ்பாஞ்சாலோ துடைத்தெடுங்கள். தசை மேடுகளில் வெளிச்சமும் பள்ளங்களில் நிழலும் தானாக நிற்கும். காய ஒன்றிரண்டு நாள் ஆகும், அதுவரை தொடாதீர்கள்.

நெப்போலியனுக்கு வெளிறிய சாம்பல் அரபிக் குதிரை. மாரெங்கோ என்று பெயர் சொல்லப்படும் குதிரையின் எலும்புக்கூடு இன்று லண்டனில் நேஷனல் ஆர்மி மியூசியத்தில் நிற்கிறது. சாம்பல் குதிரையைத் தீட்ட, நடுத்தரச் சாம்பலில் தொடங்கி, ஈரம் ஒற்றியெடுத்த பிரஷால் வெள்ளையை மேலே தேய்த்துக்கொண்டே வாருங்கள். கால் கீழ்ப்பகுதியும் மூக்கு நுனியும் கறுத்தே இருக்கட்டும். மூக்கில் துளி இளஞ்சிவப்பு வைத்தால் உயிர் வரும்.

நான்கு காலிலும் ஒரே உயரத்தில் வெள்ளை சாக்ஸ் தீட்டாதீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளை போல இருக்கும்.

கண் வரைய வேண்டுமா?

28 மி.மீ. அளவில் தளபதிக்கு மட்டும் வரைகிறேன். கண் குழியில் கரும்பழுப்பு, அதில் கிரீம் நிறக் கீற்று, நடுவே கரும்புள்ளி. சுத்த வெள்ளையும் சுத்தக் கறுப்பும் வைத்தால் பேயைப் பார்த்தது போல விழிக்கும். ஒரு கண் சரியாக வந்து மற்றது கெட்டுப்போனால் இரண்டையும் பழுப்பால் மூடிவிட்டு மேலே போய்விடுங்கள். தொப்பியின் நிழலில் அது நிழலாகவே தெரியும்.

இதற்கு 000 பிரஷ் தேடி அலைய வேண்டாம். முனை கூராக நிற்கும் 1-ஆம் எண் பிரஷ் போதும். மிகச் சிறிய பிரஷில் பெயின்ட் கண்ணுக்குப் போவதற்கு முன்பே காய்ந்துவிடும், நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். டிபன் பாக்ஸில் நனைத்த ஸ்பாஞ்ச், அதன்மேல் பட்டர் பேப்பர், அதன்மேல் பெயின்ட் வைத்துக் கலக்குங்கள். மூடி வைத்தால் மறுநாளும் ஈரமாக இருக்கும்.

ஸ்ப்ரே பிரைமர் (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்தால் மணல் தெளித்தது போல வருகிறது. ஏன்?

ஈரப்பதம், அல்லது அதிகத் தூரத்திலிருந்து அடித்தது. வெயிலில் தூரத்திலிருந்து அடித்தால் துளி காற்றிலேயே காய்ந்து பொடியாக விழும். மழைக்காலத்தில் அடித்தால் வெளுத்துப்போகும். ஒரு நவம்பர் மாலை, மழை விட்ட இடைவெளியில் மொட்டை மாடிக்கு ஓடிப்போய் ஆறு ஜெனரல்களுக்கு அடித்தேன், ஆறு பேரும் சொறி பிடித்தவர்கள் போலத் திரும்பினார்கள். இப்போது பிரஷால் பூசும் பிரைமர்தான். அதற்கு முன் பாத்திரம் கழுவும் சோப்பில் பொம்மையைக் குளிப்பாட்டிக் காயவிடுங்கள். உலோகப் பொம்மையின் வார்ப்புக் கோட்டைச் சுரண்டும்போது வரும் தூளை வாயால் ஊதாதீர்கள். பழைய வார்ப்புகளில் ஈயம் இருக்கும்.

கடைசியில் அடிக்கும் மேட் வார்னிஷுக்கும் இதே எச்சரிக்கை. வெண்படலம் படிந்துவிட்டால் பதறாமல் பிரஷால் ஒரு பூச்சு பளபள வார்னிஷ் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் தெளிந்துவிடும். கைபடும் பொம்மை என்பதால் தளபதிக்கு எப்படியும் முதலில் பளபள, அதன்மேல் மேட் என்று இரண்டும் வேண்டும்.

பேஸில் (பொம்மையை ஒட்டி நிறுத்தும் தட்டில்) எத்தனை பேரை வைப்பது?

விதிப்புத்தகத்துக்கு விதிப்புத்தகம் மாறும். பரவலான வழக்கம், பிரிகேட் தளபதி என்றால் சின்ன வட்டப் பேஸில் ஒருவர், டிவிஷன் என்றால் இருவர், படைத்தலைவர் என்றால் பெரிய வட்டத்தில் மூவர் அல்லது அதற்கு மேல். வட்டமாக இருந்தால் சதுரச் சிப்பாய்ப் பேஸ்களின் நடுவே தளபதி உடனே கண்ணில் படுவார்.

மூவர் பேஸில் நெப்போலியனை நடுவில் வைக்க வேண்டும் என்று இல்லை. நான் அவரை ஓரத்தில், கொஞ்சம் முன்னால், யாரையும் பார்க்காமல் நிறுத்துகிறேன். பின்னால் தங்கம் மின்னும் ஒரு மார்ஷல், மேடு ஏறி வரும் ஒரு துணை அதிகாரி. மற்ற இருவரின் குதிரைத் தலையும் அவர் பக்கம் திரும்பியிருந்தால் பார்ப்பவரின் கண்ணும் அங்கேயே போகும்.

நம் பக்கத்து வரலாற்றோடு தொடர்புள்ள தளபதி யாராவது உண்டா?

வெலிங்டனேதான், அப்போது ஆர்தர் வெல்லெஸ்லி. 1798-ல் மதராஸ் வந்தார், 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் முற்றுகையில் இருந்தார். 1803 செப்டம்பர் 23 அன்று ஆசாயேயில் மராத்தியப் படையை எதிர்த்தபோது அவரிடம் இருந்ததில் பெரும்பகுதி மதராஸ் சுதேசிக் காலாட்படையும் குதிரைப்படையும்தான். ஊட்டி போகும் வழியில் இருக்கும் வெலிங்டன் என்ற ஊர்ப்பெயரும் இவரைக் குறித்ததே.

அந்த வெல்லெஸ்லிக்கு வயது 34. நீலக் கோட் இல்லை, மேஜர் ஜெனரலின் கருஞ்சிவப்புக் கோட், கருநீலக் காலர், தங்கம். ஆசாயேயில் ஒரு குதிரை அவருக்குக் கீழே சுடப்பட்டது. டயோமெட் என்ற அரபிக் குதிரைக்கு மார்பில் ஈட்டிக் குத்து. வாட்டர்லூ வெலிங்டனைத் தீட்டி முடித்தவர்கள் இவரையும் தீட்டிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், 12 ஆண்டில் ஒரு மனிதர் எவ்வளவு தங்கத்தைக் கழற்றி வைத்திருக்கிறார் என்று தெரியும். இன்னொரு வேடிக்கை: 1805-ல் இந்தியாவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் செயின்ட் ஹெலினா தீவில் பிரையர்ஸ் என்ற வீட்டில் தங்கினார். பத்து ஆண்டு கழித்து, அதே தீவுக்கு நாடு கடத்தப்பட்ட நெப்போலியனும் முதலில் தங்கியது அங்கேதான்.

ஒரு தளபதிக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

குதிரையோடு சேர்த்து எனக்கு எட்டு மணி நேரம், நாலைந்து மாலைகளாக. மூராவுக்குப் பதினைந்து ஆனது. பிக்டனுக்கு மூன்று.

நிறம் தவறிவிட்டது என்று யாராவது சண்டைக்கு வருவார்களா?

வருவார்கள். "கைமடிப்பின் நிறம் 1812-க்கு முன்னால் இப்படி இல்லை" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பொம்மைக்கு உதவும். அந்தப் பொம்மையை மட்டும் மறுபடி தீட்டாதீர்கள். தங்கப் பட்டை போட்ட என் முதல் நெப்போலியன் இன்னும் மேசைக்கு வருகிறார். இப்போது அவர் ஒரு துணை அதிகாரி.